பி.டி.ஏ. கூட்டத்தில் ஒரு வாசகம்

எங்கள் எஸ்டேட்டில் ஒருவரும் படிக்காத ஒரு புத்தகத்தை எல்லோரும் சேர்ந்து வெறுத்த காலம் ஒன்று உண்டு. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஏலப்பாறைக்கு மேலே, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருந்தார். மீனாட்சிபுரத்துக்காரர். எங்களையும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார். எங்களை அதுவரை யாரும் மரியாதை போட்டுக் கூப்பிட்டதில்லை என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அந்த டீச்சர்தான் வாசிப்பு பீரியடில் ஒரு பழைய நாவலை எடுத்துக்கொண்டு வந்தார். தேயிலைக் காட்டைப் பற்றிய கதை. பெரிய நாவல் என்று வெளியூரில் கொண்டாடுவார்களாம். அதில் ஒரு பக்கத்தில், கொழுந்து பறிக்கிற ஒருத்தியைக் கங்காணி சாயங்காலம் துரை பங்களாவுக்கு அனுப்பி வைக்கிறான். காலையில் அவள் லயத்துக்குத் திரும்பி வருகிறாள். வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் வாசித்து முடித்துவிட்டு, "ஏன் யாருமே கேக்கலைன்னு ஊட்டுல ஓசன பண்ணிட்டு வாங்க" என்றார். வினை அங்கேதான் பிடித்தது.

ஏதோ ஒரு பிள்ளை தனியாக யோசிக்காமல் வீட்டுக்காரர்களிடமே கேட்டுவிட்டது. மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில் செய்திக்குக் கைகால் முளைத்திருந்தது. லயத்துப் பெண்களை அசிங்கமாக எழுதிய புத்தகமாம், அதைப் பெண்பிள்ளைகளுக்கு நடத்துகிறாளாம் ஒருத்தி. எல்லோருக்கும் முன்னால் நின்றவர் என் அப்பா. அப்பா தொழிற்சங்கத்திலும் ஆள், மாதா கோவில் கமிட்டியிலும் ஆள். கோபம் வந்தால் கத்தமாட்டார். சோற்றுத் தட்டைத் தள்ளிவைப்பார். அன்று தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு அந்த டீச்சர் போணும். இல்லன்னா நீ பள்ளிக்கூடத்த விட்டு நிக்கணும். ஏட்டி, கூடையத் தூக்கிக்கிட்டு உங்கம்மா கூட மலைக்குப் போ."

அப்பா சொன்னால் சொன்னதுதான். டீச்சர் போனால் பாவம், போகாவிட்டால் என் கதி அதோகதி. எது நடக்கவேண்டும் என்று ஜெபிப்பது என்றே தெரியவில்லை. அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் இல்லாமல் எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. அத்தை எப்போதுமே பேசாதவள் என்பதால் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

இதற்காகவே கூட்டிய பி.டி.ஏ. என்கிற பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு லயமே திரண்டு வந்தது. கோவிலில் உட்கார்வதுபோலவே பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பெரியவர்கள் பயப்படுவதைப் பார்ப்பதுபோல ஒரு பயம் வேறு கிடையாது.

"நானு தப்பா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க" என்று ஆரம்பித்தார். அதற்குள் அழுகை வந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹெட்மாஸ்டர் மலையாளி. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தை எல்லோரும் கேட்கும்படி வாசிக்கட்டும், பிறகு முடிவெடுக்கலாம் என்றார்.

"வாசிக்கட்டும். நாலு பேரு முன்னால வாசிக்க முடியுதான்னு பாப்போம்" என்றார் அப்பா.

யார் வாசிப்பது? டீச்சரால் முடியாது. எங்கள் மலைக்கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது நான்தான். என் மகளைப்போல் வாசிக்க ஏலப்பாறையிலேயே ஆள் இல்லை என்று அப்பாதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவால் மறுக்க முடியவில்லை. முகம் மட்டும் கறுத்தது.

மேஜைவரை போய்ப் புத்தகத்தை வாங்கினேன். எழுத்துகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தெரிந்தன. பயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ராகம் தானாக வந்தது, கோவில் வாசக ராகம். கங்காணி கூப்பிட்டதை அதே ராகத்தில் வாசித்தேன். பங்களாக் கதவு சாத்தியதை வாசித்தேன். பாதியில் ஒரு பெரியவர் "போதும், நிப்பாட்டு" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "வாசிக்கட்டும், அந்தப் பிள்ள வீடு வந்து சேந்தாளான்னு தெரியணும்லா" என்றார்கள். வாசித்தேன். அவள் வந்தாள், வழிவிட்டார்கள், ஒருவரும் கேட்கவில்லை. பக்கம் முடிந்தது. கோவிலில் வாசித்த பழக்கத்தில் என் வாய் நிற்காமல், வாசக முடிவில் சொல்கிற வரியையும் சொல்லிவிட்டது.

"இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இனி அப்பா ஒரு பக்கம், ஆண்டவர் ஒரு பக்கம், எனக்குத் தப்ப வழியே இல்லை என்று நினைத்தேன். அப்போது பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது.

"இறைவா, உமக்கு நன்றி."

அத்தை. வாசகம் முடிந்ததும் கோவிலில் எல்லோரும் சொல்கிற பதில் அது. அவளைத் தொடர்ந்து பக்கத்தில் இருந்தவள் சொன்னாள், பிறகு அம்மா, பிறகு பெண்கள் எல்லோரும். ஆண்கள் பக்கம் ஒருவரும் சொல்லவில்லை. அப்பா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மகள் மானத்தை வாங்கிவிட்டாள் என்று போகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு முடிவு என்று எதுவும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை டீச்சரும் வந்தார், நானும் போனேன். அப்பா கூடையைப் பற்றிப் பேசவே இல்லை.

அன்று கூட்டம் முடிந்து இறங்கும்போது அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தே, நீங்களும் என்ன மாதிரி பழக்கத்துல சொல்லிட்டீங்கல்லா?"

"ஆமாட்டி, பழக்கந்தான்."

நம்பிவிட்டேன். பயம் தெளிந்த பிள்ளைக்கு எதையும் நம்பத் தோன்றும். எனக்கு நினைவு தெரிந்து அத்தை ஒரு பூசைக்கும் வந்ததில்லை என்பதோ, அவள் இளவயசிலேயே கொழுந்து பறிக்கிற மலை வேலையை ஏன் விட்டாள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்டதே இல்லை என்பதோ அன்று என் மண்டையில் ஏறவில்லை.