அருவியில் குளித்துவிட்டு வந்த விமர்சகர்

ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்களை நம்பலாமா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. தென்காசியில் யார் கேட்கப்போகிறார்கள்? கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றுதான் பல வருஷம் சொல்லியிருப்பேன்.

குற்றாலம் சாலையில் ஒரு டீக்கடைக்கு மேலே மாடியில் குடியிருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் பேச்சுக்குரலே இல்லாமல் போயிற்று. அலுவலகம் விட்டு வந்து கதவைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருக்கும். அதைக் கேட்கச் சகிக்காமல்தான் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது.

சென்னையிலிருந்து வரும் ஓர் ஆங்கில மாத இதழில் ஒருவர் தொடர்ந்து விமர்சனம் எழுதுவார். இப்போதிருக்கும் ஜோடி ஸ்பீக்கரை அவர் எழுதியதைப் படித்துத்தான் வாங்கினேன். இந்தப் பக்கத்தில் அதைப் போட்டுக் கேட்டு வாங்கக் கடை ஏது? பாடுகிறவர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கும், வயலின் இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம் என்று கச்சேரி மேடையே கண்முன் விரியும் என்று எழுதியிருந்தார். எனக்கு விரியவில்லை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது, மேடையைத்தான் காணோம். ஸ்பீக்கரைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தேன், பிறகு ஒட்டி வைத்தேன், கனமான திரைச்சீலை வாங்கி மாட்டினேன். ஒருநாளும் அவரைச் சந்தேகப்படவில்லை. என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். காது டாக்டரிடமே போய்க் காட்டினேன். ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

அலுவலகத்துக்காரர்கள் சிலரை ஒருமுறை கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டுப் போட்டேன். "அண்ணாச்சி, இதுல டிவிய மாட்டலாமா?" என்றார் ஒருவர். "எங்கூர்க் கோயில் கொடைக்கு இத விடப் பெருசா கட்டுதாங்களே" என்றார் இன்னொருவர். நான் விளக்கிச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மறுபடி யாரையும் கூப்பிடவில்லை.

அதனால்தான் அந்த விமர்சகருக்கு மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தேன். பதில் போட்டார். பிறகு எப்போதாவது போனிலும் பேசினோம். மற்றவர்கள் வீட்டில் மனைவியோடு பேசுகிற அளவுக்கு நான் அவரோடு ஸ்பீக்கர் வயரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். என்னோடு இப்படிப் பேச வேறு ஆள் கிடையாது.

போன சீசனில் அவரே கூப்பிட்டார். கூட்டாளிகளோடு வேனில் குற்றாலம் வருகிறாராம், ஒரு மணி நேரம் ஒதுக்கி என் வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரைக் கேட்பாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடை ஏன் விரியவில்லை என்று அவரிடமே கேட்டுவிடலாம். அதைவிட, என் பக்கத்து நாற்காலியில் இதெல்லாம் தெரிந்த ஒரு மனிதர் உட்காரப்போகிறார்.

சீசனுக்கு வருகிறவரை முதலில் அருவிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு சோறு போடுவது எங்கள் ஊர் வழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நல்லா எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு நேரா இங்கன வந்துருங்க சார்." சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். அருவியை மண்டையில் வாங்கிவிட்டு வந்தவனுக்குக் கொஞ்ச நேரம் காது அடைத்துக் கிடக்கும் என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மாடிப்படியில் அவர் குரல் கேட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திப் பேசிக்கொண்டு வந்தார்.

தலையெல்லாம் எண்ணெய், கண் சிவப்பு, சுண்டு விரல் காதுக்குள். தட்டில் மங்குஸ்தான் வைத்தேன், பரோட்டா வைத்தேன். "கொஞ்சம் இளைப்பாறிட்டுக் கேப்போமா சார்?" என்றேன். "ஆமா சார், ரொம்ப நல்ல கூட்டம்!" என்றார். கீழே வேன் காத்துக்கொண்டிருந்தது. பாட்டைப் போட்டேன்.

பாட்டு பாதி போயிருக்கும், இடது ஸ்பீக்கர் அணைந்துவிட்டது. சாரல் காலத்து ஈரத்தில் வயர் நுனியில் களிம்பு பிடித்து இப்படி ஆகும். தொட்டு ஆட்டினால் வந்துவிடும். எழுந்தேன். அவர் கண்களை மூடியபடியே கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"உக்காருங்க சார்! அந்த வயலினைப் பாருங்க, இடது மூலையில தனியா நிக்குது! நான் எழுதினது அப்படியே இருக்கு சார்!"

இடது மூலையில் ஒன்றுமே இல்லை. வயலின் போன இடம் தெரியவில்லை. நான் நின்றபடியே அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. முழுச் சந்தோஷத்தில் இருந்தது. தான் எழுதியதைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் கூசிப்போவார். அதற்குப் பிறகு என் போனை எடுக்கமாட்டார். உட்கார்ந்துவிட்டேன். பாட்டு முடியும்வரை தலையும் ஆட்டினேன்.

வேன் ஹாரன் அடித்தது. மீதி மங்குஸ்தானைப் பையில் போட்டுக் கொடுத்தேன். என் தோளைத் தட்டி, "அடுத்த சீசனுக்கும் வருவேன் சார்" என்று கத்திவிட்டு இறங்கினார். டீக்கடை அண்ணாச்சி டம்ளர் எடுக்க மேலே வந்தார்.

"என்ன இந்தக் கத்து கத்துதாரு? காதுல தண்ணி நிக்குதுல்லா. தலையச் சாய்ச்சு ஒத்தக் கால்ல ரெண்டு குதி குதிக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லத் தோணல அண்ணாச்சி."

அவர் போன பிறகு வயரைச் சுரண்டி மாட்டினேன். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடின. கேட்கப் பிடிக்காமல் அணைத்துவிட்டேன்.

அடுத்த மாத இதழில் அதைப் பற்றியே எழுதியிருந்தார். குற்றாலச் சாரலில், தென்காசியிலிருக்கும் என் நண்பரின் அறையில் அந்த ஸ்பீக்கரை மீண்டும் கேட்டேன், வயலின் தன் இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை என்று. அலுவலகத்தில் உணவு இடைவேளையில் படித்தேன். சிரிப்பு வந்தது. பிறகு நண்பர் என்ற இடத்துக்குத் திரும்பிப் போனேன். என்னை அப்படி யாரும் அச்சில் எழுதியதில்லை. அச்சில் என்ன, வாயாலும் சொல்லி வெகுகாலமாயிற்று.

நன்றி சொல்லலாமென்று போனை எடுத்தேன். அவர் எண்ணையும் அழுத்திவிட்டேன். மணி அடிக்க ஆரம்பித்ததும் பயம் வந்தது. அந்தப் பத்தியில் வயலினைப் பற்றி எழுதியது எதுவும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நண்பர் என்ற இந்த ஒன்றை மட்டும் அவர் தெரிந்துதான் எழுதினாரா? எடுத்து, "யாரு சார்?" என்று கேட்டுவிட்டால்?

அவர் எடுப்பதற்குள் துண்டித்துவிட்டேன். திரும்ப அவர் கூப்பிடவில்லை.