வலது கை பிரேக்

சைக்ளோகிராஸ் என்றால் பாதி ஓட்டுவது, பாதி தூக்குவது. சேற்றில் ஓட்டவேண்டும், குறுக்கே சுவரோ பள்ளமோ வந்தால் பிரேக் பிடித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டவேண்டும். அதற்கென்றே செய்துவைத்த மாதிரி எங்கள் கோலார் தங்கவயல். சுரங்கம் மூடியபின் மிஞ்சியவை தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேடுகளும் இடிந்த காம்பவுண்டுச் சுவர்களும்தான். எந்த ஆட்சி வந்தாலும் அவற்றில் கைவைக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் நானும் மச்சினனும் ஞாயிறுதோறும் அங்கே ஓட்டினோம்.

மழையில் அந்த மண் பசைபோல ஆகிவிடும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் ரப்பர் கட்டைகளில் அப்பிக்கொள்ளும். அதனால் சக்கர நடுவில் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் போடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சேறு ஒரு சாக்கு. கொஞ்ச நாளாகவே என் வலது கை விரல்களில் பலம் குறைந்துகொண்டு வந்தது. முன்சக்கர பிரேக் அந்தக் கைக்குத்தான். இது நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். பலம் திரும்ப வருமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அந்தச் சொல்லை யார் சொன்னாலும் எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது.

"டம்ளரையே ரெண்டு கையில புடிக்கிறீங்க, உங்களுக்கு இன்னாத்துக்கு புது பிரேக்கு?" என்றாள் மனைவி. மச்சினனைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறினேன்.

பெங்களூர்க் கடையில் இரண்டு வகை டிஸ்க் பிரேக்குகளை மேஜையில் பொருத்தி வைத்திருந்தார்கள். ஒன்று கேபிள் இழுப்பது, மற்றது ஆயிலில் வேலை செய்வது.

"கேபிளே எடுங்க மாமா. ஆயில் லீக்கானா நம்மூர்ல யாரு பாப்பாங்க?" என்றான் கூட வந்த மச்சினன். நியாயமான பேச்சு. நான் இடது கையால் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினேன்.

"ரைட்ல அமுக்குங்க மாமா."

அமுக்கினேன். கேபிள் லீவர் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. அவன் சட்டென்று ஹெல்மெட் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குப் பயமாக இருந்தது. அடுத்து ஆயில் லீவரைத் தொட்டேன். இரண்டே விரலுக்கு லேசாக வந்தது. நடுக்கடையில் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அதையே போடச் சொன்னேன்.

மழைக்குப் பிந்திய ஞாயிறு, எங்களூர் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் போனோம். மேட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கினேன். கீழே இடுப்பளவு சுவர். இரண்டு விரலால் தொட்டேன். சுவருக்குச் சாண் தூரத்தில் சைக்கிள் அசையாமல் நின்றது.

"சூப்பர் மாமா!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான் மச்சினன்.

இறங்கி, வலது கையால் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தூக்கினேன். விரல்கள் தானாகத் திறந்துகொண்டன. சைக்கிள் சேற்றில் விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. நிறுத்துவதைப் பற்றியே இத்தனை நாளும் யோசித்திருக்கிறேன். தூக்குவதை நினைக்கவே இல்லை.

அவன் சுவரேறி வந்து, என் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். பிறகு எனக்காகக் கை நீட்டினான். நான் இந்தப் பக்கமே நின்றேன்.

"என் சைக்கிள் சீட்டை கொஞ்சம் எறக்கிக்கடா, நீ ஓட்ட சரியாயிடும்" என்றேன்.

"சும்மா இருங்க மாமா."

திட்டுகிற மாதிரிதான் சொன்னான். ஆனால் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டான்.