எதிர்மலையில் அவள் கையசைத்தாள்

அறுபதுகளின் நடுவில் நான் இலங்கை மலைநாட்டில், அட்டன் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். குடியிருந்தது வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பராவில். மனைவி அந்தத் தோட்டத்திலேயே கொழுந்து எடுத்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன் கேமராச் சாமான்களை எங்கள் முதலாளியிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு தொலைதூர லென்ஸ். பால்மா டின் போலக் குட்டையாக, பருமனாக இருக்கும். முன் கண்ணாடியின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். உள்ளே எட்டிப் பார்த்தால் நம் முகம் கோணலாகத் தெரியும். உள்ளே இருந்தது வளைந்த முகம்பார்க்கும் கண்ணாடி. வெளிச்சத்தை அது மடக்கித் திருப்புவதால்தான் முழ நீளம் வர வேண்டிய லென்ஸ் ஒரு சாணில் அடங்கியிருக்கிறது என்று முதலாளி சொன்னார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல, அவரை நான் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன்.

"கலியாண வீட்டுக்கு இது சரிவராது தம்பி. நீங்க கொண்டுபோய்ப் பழகிப் பாருங்க" என்றார். வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டு. அன்று அது என் கையில் இருக்கும்.

முதலில் ஓடையைத்தான் எடுத்தேன். தண்ணீரில் வெயில் பட்ட இடமெல்லாம் படத்தில் சின்னச் சின்ன வளையங்களாக விழுந்திருந்தது. வேறு எந்த லென்ஸிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பு வட்டம் செய்கிற வேலை அது. மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"தண்ணியில யாருங்க வளையலக் கொட்டுனது? இதுல என்னையும் ஒரு படம் எடுங்களேன்."

"இதுல பக்கத்துல வச்சு எடுக்க முடியாது. நீ அந்த மலையில நிக்கணும், நான் எதிர்த்த மலையில நிக்கணும்."

சிரித்தாள். "அப்ப வெள்ளிக்கிழம ஓடைக்கு மேல உள்ள மலையிலதான் கொழுந்து. பகல் சாப்பாட்டுக்கு முன்னால ஒரு தடவ கையாட்டுறேன். ஒரே தடவதான். கங்காணி பாத்தா ஏசுவாரு."

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மழை பெய்து விட்டிருந்தது. எதிர்மலைப் பாறையில் முக்காலியை நிறுத்தி, ஆடாமல் இருக்க அதன் நடுவில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். பத்தடிக்கு முன்னால் இருந்த மானாப்புல்லின் மழைத்துளிகள் படத்தின் அடியில் வளையங்களாக விழும்படி தாழ்வாக வைத்தேன். அந்த லென்ஸில் பார்வை மங்கல். மயிரிழை திருப்பினாலும் முகம் கலங்கிப் போகும். கொஞ்ச நேரம் தேடிய பிறகு அவளைக் கண்டுபிடித்தேன். பக்கத்துத் தேயிலை நிரையில், மழைக்குப் போட்ட கம்பளியைத் தலையிலிருந்து எடுக்காமல், எங்கள் அடுத்த காம்பராவில் இருக்கும் அக்கா. கல்யாணமாகி வந்த முதல் வாரம் எங்களுக்குச் சோறு போட்டவர். இருவரும் என்னவோ பேசிக்கொண்டே கொழுந்து எடுத்தார்கள். நடுவில் ஒரு பள்ளம், அதில் அருவி இரைந்துகொண்டிருந்தது. ஆனால் கண்ணுக்கு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். மூக்குத்தி ஒருமுறை மின்னியது.

அவள் நிமிர்ந்து என் பக்கம் பார்த்துக் கையசைத்தாள். எடுத்தேன்.

மறுபடியும் அசைத்தாள். ஒரு தடவைதான் என்றாளே, இவளுக்கு எவ்வளவு தைரியம் என்று நினைத்து இரண்டாவதையும் எடுத்தேன். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி வேகவேகமாக ஆட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவதையும் எடுத்தேன்.

அப்போதுதான் அவள் கூடை சரிந்து கொழுந்து கொட்டியது. பின்னால் இருந்தவர்களும் கைகளை வீசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் புகைபோல ஒன்று சுருண்டு சுருண்டு இறங்கியது.

குளவி.

நான் கத்தினேன். அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அங்கிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. வாய்கள் திறந்து திறந்து மூடின. அவள் ஓடினாள், உருவம் கலங்கியது. லென்ஸ் வளையத்தைத் திருப்பினேன், தெளிவதற்குள் அவள் அங்கே இல்லை. வேறு யாரோ முகத்தைப் பொத்திக்கொண்டு குறுக்கே போனார்கள். லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தால் வெறும் பச்சை மலை, அதில் எறும்புகள். மறுபடி கண்ணை வைத்தால் தேயிலைச் செடியைத் தவிர ஒன்றுமில்லை. ஓடிப் போக வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் கண்ணை எடுத்துவிட்டால் அவளுக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் போகும். அந்தப் பயத்தில் கால் நகரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

பிறகு ஓடினேன். பள்ளத்தில் இறங்கி, கல்லுக்குக் கல் தாவி ஓடையைக் கடக்கும்போது விழுந்து முழங்கால் கிழிந்தது. ஏறும் வழியில் முகம் வீங்கிய இரண்டு பெண்கள் எதிரே ஓடி வந்தார்கள். அவள் பேரைச் சொல்லிக் கேட்டேன். நிற்காமல் ஓடிவிட்டார்கள். மலைக்குக் கீழே ஆம்பளைகள் மானாப்புல்லைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். கங்காணி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"போகாத தம்பி! இன்னும் அடங்கல!"

சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். செடிகளுக்கு நடுவில் ஒரு கம்பளி கிடந்தது. அதைத் தூக்கினால் அடியில் அவள் சுருண்டு கிடந்தாள். கண்கள் வீங்கி மூடியிருந்தன, உதடு தடித்திருந்தது. மூக்குக்கு அடியில் விரலை வைத்தேன். மூச்சு வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கழுத்தில் காதை வைத்துத்தான் உயிர் இருக்கிறது என்று கண்டுகொண்டேன். நாலு நிரை தள்ளி அக்கா கிடந்தார். அவர் தலையில் ஒன்றும் இல்லை.

இருவரையும் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மறுநாள் மனைவி கண்ணைத் திறந்தாள். அதற்கு மறுநாள் அக்கா இறந்துபோனார்.

பாறையில் விட்டு வந்த கேமராவைத் தோட்டத்துக் காவல்காரர் எடுத்துவைத்திருந்தார். இரண்டு வாரம் நான் அந்தப் பிலிமைத் தொடவில்லை. "நான் கழுவித் தரட்டா?" என்று நானா கேட்டார். வேண்டாம் என்று நானே கழுவினேன். பிறகு படம் போட்டபோது, சிவப்பு வெளிச்சத்தில் தாளில் முதலில் அடியிலிருந்த மழைத்துளி வளையங்கள் மேலே வந்தன, பிறகு அவள் முகம். முதல் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதிலும் சிரிக்கிறாள் என்றுதான் எடுக்கும்போது நினைத்திருந்தேன். அது சிரிப்பல்ல, அலறல். மூன்றாவதில் அவளுக்குப் பின்னால் அக்கா. தன் தலையிலிருந்த கம்பளியை உருவி இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனைவி ஒரே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் மேல யாருங்க கம்பளியப் போட்டது? எனக்கு அந்த நனைஞ்ச வாசம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

மூன்றாவது படத்தை அவள் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். "அண்ணன்கிட்ட காட்டணும்" என்றாள்.

அக்காவின் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரித்த கம்பளி அக்காவின் முகத்தை மறைத்திருந்தது.

"மொகம் தெரியலையே தம்பி. நீங்க அந்தக் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. அவ ரொம்பப் பயந்தாளா?"

ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். "நான் அக்காவப் பாக்கலைங்கண்ணே. இவள மட்டும்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஆமா. வேற யாரப் பாப்பீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து மனைவி வேலைக்குக் கிளம்பினாள். போகாதே என்று கெஞ்சினேன்.

"போகலன்னா பேர வெட்டிருவாங்க. பேரு இல்லன்னா இந்தக் காம்பரா யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போனாள். அன்று அவளுக்கு எந்த மலை என்று நான் கேட்கவில்லை. அட்டன் கடைக்குப் போக ஸ்டேஷன் வரை போனேன். ரயில் வந்து நின்றது, ஏறவில்லை. திரும்பி வந்து, அவள் வீடு வந்து சேரும்வரை லயத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.