போன ஜென்மமும் கழற்றிய மூடியும்

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். ஆனால் இதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

என் மருமகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அட்டைப்பெட்டி செய்கிற மிஷினில் வேலை பார்த்தாள். பெல்ட்டும் சக்கரமும் ஓடுகிற இடத்தில் ஒரு இரும்பு மூடி உண்டு. ஆயுதபூஜைக்கு அந்த மூடியைக் கழற்றி, மிஷினைத் துடைத்து, சக்கரத்துக்கும் மூடிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அந்த வருஷமும் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். மூடியைத் திரும்ப மாட்டவில்லை. பெட்டி சிக்கினால் எடுக்க இதுதான் வசதி என்று விட்டுவிட்டார்கள். லீவு முடிந்து மிஷின் ஓட்டின அன்றைக்கே, பக்கத்தில் நின்ற பெண்ணின் பின்னல் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தது என் மருமகள்தான். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறாள்.

அதிலிருந்து மருமகளால் எந்த மிஷின் பக்கமும் நிற்க முடியவில்லை. வீட்டில் மிக்ஸி போட்டால்கூட இரண்டு கையாலும் பின்னலைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள்.

கம்பெனி சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார். "மிஷின் எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா? இந்தப் பொண்ணு மட்டும் இன்னாத்துக்கு இப்டி நடுங்குது? இது வேற இன்னாவோ. திருவள்ளூர்ல எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு கீறாரு. மயக்கத்துல வெச்சி போன ஜென்மத்துக்கே இட்டுகினு போவாரு. பயம் எங்க ஆரம்பிச்சிதுன்னு தெரிஞ்சா போய்டும்" என்றார்.

மகன் லாரியோடு வடக்கே போயிருந்தான். நான்தான் கூடப் போனேன்.

ஏசி அறை. அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, என்னை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார் அந்த ஆள். பேச்சு பாகு மாதிரி இருந்தது.

"படி இறங்குறீங்க. கீழ ஒரு கதவு. திறங்க. என்ன தெரியுது?"

"இருட்டா கீது சார்."

"நல்லா பாருங்க. அரண்மனை மாதிரி இருக்கா?"

மூடின கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "கீது சார்."

"தேர் தெரியுதா?"

"தெரியுது."

"உங்க கூந்தல் நீளமா?"

"ஆமா சார்."

அரண்மனையைக் கட்டினது அவர், தேரை இழுத்து வந்தது அவர். இவள் ஆமாம் போட்டாள், அவ்வளவுதான். இவள் யாரிடமும் இல்லையென்று சொல்லிப் பழகாதவள். ஒரு ஷிப்ட் முடிந்து இன்னொரு ஷிப்டும் நில் என்றாலும் தலையாட்டுகிறவள். கடைசியில், தேர்ச் சக்கரத்தில் கூந்தல் சிக்கிச் செத்த பணிப்பெண் ஆகிவிட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள். யாரை நினைத்து அழுதாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் துணி கட்டிய தலையை நானும்தானே பார்த்தேன்.

எழுந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. அதை நான் மறைக்கமாட்டேன்.

"நீங்க பயப்படுறது மிஷினுக்கு இல்ல, அந்தத் தேருக்கு. அது முடிஞ்சு போச்சு. திங்கக்கிழமை அதே மிஷின்கிட்ட போய் நில்லுங்க" என்றார்.

ஸ்டூலை விட்டு எழுந்தேன். "சார், அந்த மூடி..."

"அது கம்பெனி விஷயம்மா" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் மருமகள் என் தோளில் சாய்ந்தாள். "நெஞ்சு லேசா கீது அத்தே. போன ஜென்மத்துது, போய்ட்ச்சி."

"அவ்ளோ நேரம் அழுதா யாருக்கும் லேசாத்தான் இருக்கும். மூடி இல்லாதது எந்த சக்கரம்டி? தேரா, மிஷினா?"

"அப்டிலாம் பேசாத அத்தே. மறுபடி வந்துடப் போவுது."

திங்கட்கிழமை காலை பின்னலில் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தப் பூவைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே போனேன். ரோட்டில் கம்பெனி வேன் நின்றது. முன்சீட்டில் சூப்பர்வைசர்.

"மூடிய மாட்டிட்டீங்களா சார்?"

"அதான் உன் மருமவளுக்கு சரியாப்போச்சே. போன ஜென்மத்துல எவனோ தேர் ஓட்னதுக்கு எங்கள புட்ச்சிகினு..." சிரித்தார். வேனில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

"போன ஜென்மத்துல எவன் ஓட்னான்னு நான் கேக்கல. இந்த ஜென்மத்துல எவன் கழட்னான்? பூஜைக்குக் கழட்ன கைக்கு திருப்பி மாட்டத் தெரியாதா? போன ஜென்மம் வரைக்கும் இட்டுகினு போனீங்களே, அந்த மூடிய மிஷின் வரைக்கும் எடுத்துகினு போவ முடியலியா?"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஜன்னலோரத்துப் பெண் அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "மூடி சாமி படத்துக்குப் பின்னாடி சாச்சி வெச்சிகீது ஆயா. அன்னிக்கி வெச்ச சந்தனம்கூட காஞ்சி அப்டியே கீது."

மருமகள் வேன் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். "இன்னும் மாட்டலியாடி?" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

"இல்லக்கா."

மருமகளின் கை மெல்லப் பின்னலுக்குப் போனது. வைத்த காலைக் கீழே இறக்கினாள்.

"டைமாவுது, ஏறுறியா இல்லியா?" என்றார் சூப்பர்வைசர்.

"மூடிய மாட்டுங்க சார். வரேன்."

வேன் போய்விட்டது. குணமானவளை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று திருவள்ளூர்க்காரர் சொல்கிறாராம். சொல்லட்டும். அவள் நடுக்கம் இன்னும் போகவில்லை. போக வேண்டும், அதற்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்ப்போம். ஆனால் அந்தச் சக்கரம் திறந்து கிடக்கிறவரை அவள் பயப்படட்டும். அவள் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரமாகப் பார்த்து நான் மிக்ஸி போட்டுக்கொள்கிறேன்.