பாதிப் படம் போடும் மிஷின்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவும் வேலை. பகலெல்லாம் இருட்டறையில் கால் கடுக்க நின்றுவிட்டு வருவாள். வந்ததும் வராததுமாக அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, சாப்பாடு ஊட்டுவாள். "கொஞ்சம் உட்காரேன்க்கா" என்றால், "உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன்டா" என்பாள்.

அந்த அப்பா லேசுப்பட்ட ஆளா? சிறுசுகளாக இருந்த எங்களை அம்போவென்று விட்டுவிட்டுப் போனவர். அம்மா செத்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. கை கால் விழுந்தபிறகுதான் அவருக்கு வீட்டுக்கு வழி தெரிந்தது. அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒன்றையும், பக்கத்தில் அவர் நிற்கிறார் என்று ஆத்திரத்தில் அம்மாவே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள். மிச்சம் அதன் நெகடிவ் மட்டும்தான். அக்கா அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். தன் கையாலேயே பிரிண்ட் போடவேண்டும் என்று நெகடிவைப் பெரிதாக்கிப் படம் போடும் மிஷின், பழைய என்லார்ஜர் ஒன்று வாங்கக் கிளம்பினாள். சுமைகூலி நான்.

கடையில் இரண்டு இருந்தன. சின்னது எங்கள் குளியலறையில் அடங்கும், விலையும் கைக்கு அடக்கம். பெரியது என் நெஞ்சு உயரம், முழுக்க இரும்பு.

கடைக்காரர் நெகடிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உங்களுது அகல ஃபிலிம்மா. சின்ன மிஷின்ல போகணும்னா நடுவுல வெட்டணும். ஒரு ஆள்தான் வருவாங்க."

என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "வெட்டுங்க சார். அம்மா மட்டும் போதும்."

"சும்மா இருடா," என்றாள் அக்கா. "பெரிசே குடுங்க."

"அந்தாளு மூஞ்சிக்காக இந்தப் பொணக்கனத்த மூணு மாடி தூக்கணுமா? உனக்கென்ன கிறுக்கா?"

"தூக்குடா. பேச எனக்குத் தெம்பில்ல."

முணுமுணுத்துக்கொண்டேதான் தூக்கினேன்.

அவளுக்கு லீவு வந்த அன்று குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்தோம். மேடையில் வைத்தால் மிஷினின் தலை தாழ்ந்த கூரையில் இடித்தது. தரையிலேயே வைத்து, அக்கா மண்டிபோட்டு வேலை செய்தாள். எனக்கே பாவமாக இருந்தது.

நெகடிவ் வழியாக விளக்கடித்த தாளை மருந்துத் தட்டில் போட்டாள். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் கறுத்து வந்தது அப்பாவின் சட்டை. முந்திரிக்கொட்டை மாதிரி இங்கேயும் அவர்தானா என்று பல்லைக் கடித்தேன். அப்புறம் அந்தக் கறுப்புச் சட்டையின் கைமேல் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. விரல்கள். அம்மாவின் விரல்கள், சட்டையைக் கசங்கப் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகுதான் அம்மாவின் முகம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கத்தரி அலமாரியில இருக்கு," என்றாள் அக்கா, நிமிராமலே. "இப்பவும் வெட்டிக்கலாம். அம்மா கையையும் சேர்த்துத்தான் வெட்டணும்."

படத்தைப் பார்த்தபடியே நின்றேன். வெளியே அப்பா இருமினார். சாப்பாட்டு நேரம். அக்கா சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள்.

"நீ உட்காருக்கா," என்றேன். "இன்னிக்கு அவருக்கு நான் ஊட்டறேன்."

அக்கா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.