ஏலக்காய் ஸ்டோரில் கட்டிய கம்பைலர்

பஸ்சுக்குக் காத்திருக்கச் சொன்னால் அடுத்த நிறுத்தம் வரை நடக்கிறேன் என்று கிளம்பி, இரண்டுக்கும் நடுவில் பஸ்சைத் தவறவிடுகிற ஆள் நான். சும்மா இருப்பது எனக்குக் கை வராத வித்தை. அப்படிப்பட்டவன் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டில், நாள் கணக்கில் தன்பாட்டுக்கு ஓட வேண்டிய வேலையைத் தொடங்கியிருக்கவே கூடாது. தொடங்கியது என் மனைவியின் இருமலால்.

போடிக்கு மேலே மலைச்சரிவில் அவள் வழியில் வந்த ஏலத்தோட்டம் இருக்கிறது. தோட்டம் அவள் பொறுப்பு. நான் போடி வீட்டில் உட்கார்ந்து வெளியூர்க்காரர்களுக்கு மென்பொருள் எழுதுகிறவன். பறித்த காயைக் காயவைக்கும் அறையை ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பில் விறகு எரியும். அதன் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். உள்ளே தட்டுத் தட்டாகக் காய் கிடக்கும். சூடு கூடினால் காயின் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் புழுங்கிவிடும். அதனால் யாராவது அடிக்கடி உள்ளே போய்ச் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கள் ஸ்டோரில் அந்த யாராவது என் மனைவிதான். உள்ளே ஆவியும் புழுக்கமும். வெளியே வந்தால் மஞ்சு மூட்டமும் குளிரும். போன பருவத்தில் பிடித்த இருமல் அவளை விடவே இல்லை. தேனியில் பார்த்த டாக்டர், சூட்டுக்கும் குளிருக்கும் இப்படி மாறி மாறிப் போனால் எந்த மருந்தும் கேட்காது, ஸ்டோருக்குள் போகவே கூடாது என்று கண்டித்துச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த முறை காய் பறித்ததும், அந்த எடுப்புக்கே உள்ளே போனாள். எனக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது.

உள்ளே ஒரு சென்சாரைத் தொங்கவிட்டு, அது சொல்லும் எண்ணை வெளியே திரையில் காட்டினால் யாரும் கதவைத் திறக்க வேண்டாம். சீட்டுக்கட்டு அளவில் பழைய போர்டு ஒன்று என்னிடம் கிடந்தது. சென்சாரைப் படிக்கும் நிரலும் கிடைத்தது. ஆனால் அந்த நிரலை போர்டுக்குப் புரியும்படி மாற்றித்தர வேண்டிய கம்பைலர் அதில் அரதப்பழசு. புதிய கம்பைலரை இந்த போர்டுக்கென்று யாரும் ஆயத்தமாகச் செய்து வைத்திருக்கவில்லை. லேப்டாப்பில் செய்து கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். போர்டு அதைச் சீண்டவே இல்லை. கம்பைலரின் மூலநிரலையும், நிரல்கள் ஓடும்போது கைகொடுக்கும் ரன்டைம் லைப்ரரியின் மூலநிரலையும் இறக்கி, அந்த போர்டிலேயே கட்டி எழுப்புவதுதான் மிச்சமிருந்த வழி.

கம்பைலரைக் கட்டுவது வேடிக்கையான வேலை. பழையது புதியதைக் கட்டும். அந்தப் புதியது தன்னையே மறுபடி கட்டும். அப்படிப் பிறந்தது இன்னொரு முறை கட்டும். கடைசி இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் சரி என்று ஒப்புக்கொள்ளும். லைப்ரரியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போடி வீட்டு மாடியறையில் தொடங்கினேன். வெயிலில் போர்டு கொதித்தது. சூடு தாங்காவிட்டால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு கோப்பு முடிவதற்குள் பக்கத்து ஊர் சிலமலைக்குப் போய்த் திரும்பிவிடலாம் போலிருந்தது. பாதியில் நிறுத்தி, போர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு தோட்டத்து ஜீப்பில் ஏறிவிட்டேன். மலையில் குளிர் சும்மாதானே கிடைக்கிறது.

மேலே போய் நான் செய்ததை ஏலத்தோட்டக்காரன் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான். மஞ்சில் எல்லாம் நமுத்துப்போகும் என்பதால் செல்போன், டார்ச்சு, தீப்பெட்டி எதுவானாலும் ஸ்டோரின் வெளிச்சுவர் மாடத்தில் வைப்பது எங்கள் வழக்கம். அந்தச் சுவர் கதகதவென்று இருக்கும். போர்டையும் கை தன்னால் அங்கேயே வைத்துவிட்டது. குளிரைத் தேடி அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, மலையிலேயே சூடான இடத்தில் அதை உட்கார வைத்திருந்தேன். விஷயம் தெரிந்ததும் மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சாக்கு அடுக்கும் அறைக்கு போர்டை மாற்றினேன். வெரசாக முடியட்டும் என்று நாலு வேலையை ஒன்றாக ஏவினேன். நினைவகம் போதாமல் எல்லாம் செத்து விழுந்தது. மழை வந்தால் மலையில் கரண்டு இருக்காது. ஸ்டோரில் காய் கிடக்கும்போது மட்டும்தான் ஜெனரேட்டர் நிற்காமல் ஓடும். ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கும் அடுத்த எடுப்பு வரை காத்திருந்தேன். ஒவ்வொரு எடுப்பிலும் அவள் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தாள். அடுத்த முறை ஒரே வரியில் திரை நெடுநேரம் நின்றுவிட, உறைந்துபோனது என்று பதறி நானே நிறுத்தினேன். பிறகு பார்த்தால் அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

எங்கள் பக்கத்தில், ஸ்டோருக்குப் பொறுப்பாக ஒருவர் கதவைச் சாத்திவிட்டால் அவர்தான் திறக்க வேண்டும். ஆளாளுக்குத் திறந்தால் சூடு நிற்காது. அடுத்த எடுப்பில் நான் வேலையை ஏவிய கையோடு மனைவி என்னை வெளியே வரச் சொன்னாள். சாக்கு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாஞ் சாத்துனது, நாந்தான் தெறப்பேன். அது அது சோலியப் பாக்குது. நீங்க உங்க சோலியப் பாருங்க."

எனக்கு அதைத் தவிர வேறு சோலி இல்லை. தோட்டத்தை மேலும் கீழும் அளந்தேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன், போர்டின் பச்சை விளக்கு மட்டும் மினுக்கியது. மறுநாள் காயை வெளியே எடுத்த பிறகுதான் அவள் பூட்டைத் திறந்தாள். கடைசி இரண்டு கம்பைலரும் ஒத்துப்போயிருந்தன. லைப்ரரியும் முடிந்திருந்தது. நான் கைபடாததால்தான் முடிந்தது என்று அவள் சொல்லவில்லை, முகத்தில் எழுதியிருந்தது.

புதிய கம்பைலர் சென்சார் நிரலை மாற்றித் தந்தது. அடுத்த எடுப்புக்கு சென்சார் உள்ளே தொங்கியது. அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, பால் விடாத கட்டன் சாயா குடித்தபடி திரையைப் பார்த்தாள். எண் இறங்கினால் அடுப்புக்காரரிடம் விறகைத் தள்ளச் சொன்னாள். அவ்வளவுதான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எண் தப்பாக இருந்தால்? நான் ஏதாவது சொதப்பியிருந்தால் அவள் காய் மொத்தமும் போகுமே.

சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தேன். ஆவி முகத்தில் அறைந்தது. கண்ணாடி வெளுத்துப் பார்வை மறைந்தது. மூச்சை இழுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டு இருமல் பிடுங்கியது. தடவித் தடவித் தெர்மாமீட்டரைக் கண்ணருகே இழுத்தேன். திரையில் இருந்த அதே எண். இத்தனை பருவமாக இதற்குள் அவள் எப்படி நின்றாள்?

வெளியிலிருந்து குரல் கேட்டது.

"ஏங்க, இங்க திரையில சூடு எறங்குது. வெளிய வந்து கதவச் சாத்துங்க."

இருமிக்கொண்டே வெளியே வந்து சாத்தினேன். அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.