பிரிக்காத பொட்டலம்

போன வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு நைனார்பாளையத்தில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் ஒரு லேபுக்குப் போனேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். துணைக்கு என் மகள் கோமதி. வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

வயசானால் நரம்புகூட ஒளிந்துகொள்ளும் போல. ரத்தம் எடுக்க வந்த பெண் என் கையைத் தட்டித் தட்டித் தேடினாள்.

"ஊசியப் பாக்காதீங்கம்மா. எதுனா பேசிக்கினே இருங்க."

நான் பேச ஆரம்பிப்பதற்குள் எடுத்து முடித்துவிட்டாள்! எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. பஞ்சை வைத்து அழுத்திவிட்டு மாஸ்க்கை இறக்கினாள்... அட, வெண்ணிலா! கோமதியோடு பிளஸ் டூ படித்த வெள்ளிமலைப் பெண்.

"இன்னாடி கோமதி, உங்க மொதலாளி லீவெல்லாம் தராரா?"

"சம்பளத்துல புடிச்சிக்குவாரு. நீ இன்னாடி, கோட்டு மாட்டிக்கினு டாக்டரம்மா கணக்கா நிக்கற?"

"டாக்டரம்மாவா? என் சம்பளக் கவரப் பாத்தா சிரிப்ப."

"கடன் அடைஞ்சிடுச்சா?"

"எங்கடி... இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். வட்டி ஜாஸ்தி, சம்பளம் கம்மி. நீ சேராததே நல்லதுன்னு சில நேரம் தோணும்." என் கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே சொன்னாள். "ஆனா மலைக்குப் போனா, பஸ்ஸ வுட்டு எறங்கறதுக்குள்ள யாராச்சும் ரிப்போர்ட்ட வெச்சிக்கினு நிப்பாங்க. 'வெண்ணிலா, இதுல இன்னா எழுதியிருக்கு பாரு'ன்னு. அது ஒரு இதுடி."

கோமதி அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஒரு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் மாரியாத்தா வழி வுடல. பூ செவப்பா வந்துடுச்சே" என்றாள்.

எனக்கு அப்போதுதான் ஊசி குத்தியது.

வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கோயில், விரதம், சமையல் என்று எத்தனையோ உங்களிடம் பேசியிருக்கிறேன். இதை மட்டும் பேசியதில்லை.

நாலு வருஷம் முன்பு, பிளஸ் டூ முடித்த கையோடு தோழிகள் இரண்டு பேரும் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஃபாரம் வாங்கிவந்தார்கள். லேப் டெக்னீஷியன், ஒரு வருஷ சர்டிபிகேட் கோர்ஸ். ஃபீஸ், வெளியூரில் தங்கிப் பயிற்சி எடுக்கும் செலவு — எல்லாம் சேர்த்து எழுபதாயிரம். வெண்ணிலாவின் அப்பா சாமை விதைக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். போதாததற்கு வட்டிக்கு வாங்கினார். எங்களிடம் இருந்தது என் மூணு பவுன் சங்கிலி. கோமதி கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தது. கழனியில் போர் போட்ட கடனே அப்போது தீரவில்லை.

படித்து முடித்தால் என்ன கிடைக்கும்? ஒரு லேபில் போய்க் கேட்டேன். "ஆரம்பத்துல எட்டாயிரம்மா" என்றார்கள். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பஸ், சாப்பாடு, வட்டி... எப்படிப் போட்டாலும் அடகு வைத்தால் சங்கிலி திரும்பி வர நாலைந்து வருஷம். அதற்குள் வரன் வந்தால்? என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்று துண்டை உதறிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார்.

முடியாது என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை.

"ஆத்தாகிட்ட பூ கட்டிப் பாத்துடலாம்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. மாரியம்மன் முன்னால் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அம்மன் சொன்னால் சொன்னதுதான்.

தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு கோமதி கைகூப்பி நின்றாள். உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு அரளி.

அழவில்லை. "அந்த இன்னொண்ண பிரிச்சிப் பாக்கட்டுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆத்தா சொன்னப்புறம் பிரிக்கக் கூடாது. தெய்வக் குத்தம்" என்று அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் போய் நான் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளிதான். எனக்குத் தெரியாதா? இரண்டையும் கட்டியவள் நான்தானே.

அந்தச் சங்கிலி? அடுத்த வருஷமே போரில் தண்ணீர் வற்றியது. இன்னும் ஆழமாகப் போட அடகுக்குப் போனது. இன்றுவரை திரும்பவில்லை.

வெண்ணிலாவுக்கு இன்னும் கடன் இருக்கிறது. அப்படியென்றால் என் கணக்கு தப்பில்லை என்று தேற்றிக்கொள்ளலாமா? தேற்றிக்கொண்டுதான் அன்று திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கோமதி பேசினாள்.

"நா இன்னா தப்புப் பண்ணேன்னு தெரிலம்மா. ஆத்தாவுக்கு எம்மேல எதுனா கோவம் இருக்கும். அதான் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஒருபொழுது இருக்கேன்."

நாலு வருஷமாக மகள் வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைதான் சாப்பிடுகிறாள். நல்ல மாப்பிள்ளை வேண்டித்தான் என்று நினைத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்...

கணக்கு என்னுடையது. பயம் என்னுடையது. பழியை அம்மன் மேல் போட்டேன். அம்மன் தாங்கிக்கொள்வாள். இவள் அதைத் தன் மேல் எடுத்துப் போட்டுக்கொண்டாளே!

அன்றிலிருந்து விளக்கேற்றும்போது அம்மன் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. 'அவகிட்ட சொல்லு' என்பது போலவே இருக்கிறது. இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். இரண்டு தடவையும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். என் கோணல் எழுத்தைப் படித்து, பிழை திருத்தி, போனில் டைப் செய்து வாராவாரம் பத்திரிகைக்கு அனுப்புவது கோமதிதான். இந்த வாரத் தாளையும் அவளிடமே கொடுக்கப்போகிறேன்.

இது உங்கள் கைக்கு வந்திருந்தால், அவள் படித்துவிட்டாள்.